புது லேப்டாப்பின் கீறல்கள்

மூன்று கீறல்கள். அதிகமில்லை, மூன்றே மூன்று. கீபோர்டுக்குக் கீழே, டைப் அடிக்கும்போது இடது மணிக்கட்டு படுகிற இடத்தில், ஒன்றையொட்டி ஒன்றாக லேசாக வளைந்து கிடந்தன. பால்கனிக் கதவின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மினுங்கின. கொஞ்சம் சாய்த்தால் காணாமல் போயின. சியாமளா துப்பட்டா நுனியால் துடைத்துப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நகத்தை வைத்து இழுத்தபோது நகம் மூன்று இடத்தில் இறங்கி ஏறியது. அப்படியானால் அழுக்கு இல்லை, கீறல்தான்.

எப்படி வரும்? பெட்டியின் சீல் டேப்பை அவளே கத்தியால் கிழித்தாள். பெட்டி வந்த அன்று அஷ்டமி, மறுநாள் நவமி. அந்த இரண்டு நாளும் புதுப் பொருளைத் திறக்கக்கூடாதென்று அலமாரி மேலேயே வைத்திருந்து, மூன்றாம் நாள் காலையில் நல்ல நேரம் பார்த்து, மூடியில் குங்குமம் வைத்துத்தான் பிரித்தாள். இடையில் யார் கையும் படவில்லை.

"என்னங்க, இங்க வந்து இதப் பாருங்களேன்."

முரளிக்குச் சாகன் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. பெயிண்ட் அடித்து வரும் கார்களில் குறை கண்டுபிடிப்பதுதான் பத்து வருடமாக அவன் பிழைப்பு. லேப்டாப்பை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் பத்து வரை எண்ணினான்.

"கை நீட்டுற தூரத்துல, பத்து எண்றதுக்குள்ள கண்ணுல படலீன்னா அது குறையே இல்ல கண்ணு. எங்க லைன்ல இது பாஸ்."

"எனக்குப் படுதே!"

"உனக்குப் படும். நீ கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடுவ." சிரித்தான். "பத்து நாளைக்குள்ள மாத்திக்கலாமாம். மனசுக்குப் பிடிக்கலீன்னா குடுத்துரலாம்."

அவன் சொன்னது உண்மைதான், அவள் தேடுகிறவள்தான். இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பெண் அம்மு. அவள் பிறந்த ஏழு மாதத்தில் சியாமளா தேடாத இடமில்லை. தூங்கும் குழந்தையின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். நகத்தின் நிறம் பார்ப்பாள். பாலின் சூடு, மூச்சின் சத்தம், தொட்டில் கயிற்றின் முடிச்சு எல்லாவற்றையும் பார்ப்பாள். கோயம்புத்தூரிலிருந்து மராத்தி பேசும் இந்த நிக்டிக்கு வந்து இரண்டு வருடமாகியும் அக்கம்பக்கத்தில் நாலு பேரைத் தெரியாது. அம்முவை யாரிடமும் விட மனம் வராமல்தான், வீட்டிலிருந்தே செய்கிற இந்த வேலையைத் தேடிப் பிடித்தாள். அதற்குத்தான் இந்த லேப்டாப். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

அன்று மத்தியானமே இன்னும் இரண்டு தென்பட்டன. பவர் பட்டனை ஒட்டி, அரிசியளவுக்கு ஒரு மஞ்சள் கறை. மூடியின் முன் விளிம்பில், வலது மூலைக்குப் பக்கத்தில், நான்கு குட்டிப் பள்ளங்கள். மேல் பக்கம் இரண்டு, அடிப் பக்கம் இரண்டு. எதிரெதிராக.

சாயங்காலம் முரளி மொபைல் டார்ச்சை அடித்து அதையும் பார்த்தான். "ஏதோ இடுக்கியில புடிச்சிருக்கானுக," என்றான். பிறகு தொழில் ஞாபகத்தில், தானாகவே ஒரு பாடம் எடுத்தான். "ஒரு தடத்து மேல இன்னொரு தடம் ஏறியிருந்தா, எது முன்னால வந்தது எது பின்னால வந்ததுன்னு சொல்லிரலாம். அத வெச்சுத்தான் எந்த ஷிஃப்ட்ல கோட்ட விட்டாங்கன்னு புடிப்போம்." அவள் காதில் அது பாதிதான் விழுந்தது. லேப்டாப் சூடாகி, அதன் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. புது பிளாஸ்டிக் வாசனை வர வேண்டிய இடத்தில் புளித்த பால் வாடை வந்தது. அம்முவின் கழுத்து மடிப்பில் வருகிற அதே வாடை. தன் கையில்தான் இருக்கும் என்று எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.

ஆடிப்பூரத்தன்று எதிர் வீட்டு வைஷாலி அக்கா வந்தாள். பக்கத்துக் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவள் தமிழில் பாதிக்கு மேல் இந்தியும் மராத்தியும்தான். தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அம்மன் கோயிலில் வளையல் சாத்தி எல்லோருக்கும் கொடுத்தார்களாம். மூன்று பச்சைக் கண்ணாடி வளையல்களைச் சியாமளாவின் இடது கையில் அவளே ஏற்றிவிட்டாள்.

"அரே, கழட்டாதே ஹான்! பிரசாதம் அது. தானா உடையற வரைக்கும் கையிலயே இருக்கணும்."

அக்கா போன பிறகு, மழை பிடித்துக்கொண்டது. நிக்டி மழைக்கு இடியும் கிடையாது, மின்னலும் கிடையாது. பால்கனித் தகரத்தில் நாள் முழுக்க ஒரே சீராக அரைத்துக்கொண்டிருக்கும். அம்மு தூங்கினாள். சியாமளா லேப்டாப்பைத் திறந்து, சேருவதற்கான படிவங்களை நிரப்ப உட்கார்ந்தாள். மணிக்கட்டைக் கீழே வைத்ததும் ஒரு சின்னச் சத்தம். கிரீச்.

கீழே பார்த்தாள்.

மூன்று வளையல்களும் மூன்று கீறல்களின் மேல் உட்கார்ந்திருந்தன. கையை நகர்த்தினாள். வளையல்கள் அந்த வளைவிலேயே போய், அந்த வளைவிலேயே திரும்பி வந்தன. இவள் இன்றைக்குத்தான் போட்டுக்கொண்டாள். கீறல் வந்து நாலு நாள் ஆகிறது.

கையை வெடுக்கென்று எடுத்தாள். சேச்சே, ஊரில் பாதிப் பொம்பளைகள் வளையல் போட்டுக்கொண்டு டைப் அடிக்கிறவர்கள், எங்கேயோ டெஸ்ட் பண்ணின எவளோ ஒருத்தி என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். முரளியிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

மறுநாள் அம்முவுக்கு முதல் முதலாகப் பூசணிக்கூழ் ஊட்டினாள். மடியில் வைத்து ஊட்டும்போதே லேப்டாப்பில் மெயில் வந்த சத்தம் கேட்டு ஒரு கணம் திரும்பினாள்; அவ்வளவுதான். அம்மு கிண்ணத்துக்குள் கையை விட்டு, எட்டி, ஒரே ஒரு விரலை நீட்டி, பவர் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தாள். வேறு எங்கும் இல்லை. அந்த மஞ்சள் கறையின் மேல். விரல் எடுத்தபோது கறை எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. துளி பெரிதாகவில்லை.

அம்மு சிரித்தாள். வெறும் ஈறு.

சியாமளாவின் பார்வை மெதுவாக மூடியின் விளிம்புக்குப் போனது. மேலே இரண்டு. கீழே இரண்டு. இடுக்கியாவது மண்ணாவது! கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்முவின் கீழ் ஈறில் விரலை ஓட்டிப் பார்த்தாள். நடுவில், தோலுக்கு அடியில், அரிசி நொய்போல ஏதோ ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டது.

பல் முளைக்கப் போகிறது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்பத்தான் பயமாக இருந்தது. இந்த லேப்டாப்பில் இருப்பது யாரோ பழகிய தடம் இல்லை. இவர்கள் பழகப் போகிற தடம். நடக்கப் போவதெல்லாம் இதில் முன்னாலேயே பட்டுவிட்டிருக்கிறது. அப்படியென்றால் இன்னும் என்னென்ன பட்டிருக்கிறது?

லேப்டாப்பை மேசையில் கவிழ்த்து, திருப்பி, டார்ச் அடித்து, ஒவ்வொரு அங்குலமாகத் தேடினாள். வலது மூலையில், அந்த நான்கு பள்ளங்களின் ஓரத்திலேயே அது இருந்தது. இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போனது? மூலை நசுங்கியிருந்தது. உயரத்திலிருந்து எதன் மேலோ விழுந்த நசுங்கல். அந்த மடிப்புக்குள் ஒரு முடி மாட்டியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தாள். மெல்லிய, செம்பட்டையான, சுருண்ட முடி. அம்முவின் தலையோடு வைத்துப் பார்த்தாள். வித்தியாசமே தெரியவில்லை.

முடியை விரலில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது விழப் போகிறது. என் பெண்ணின் தலையில் விழப் போகிறது.

முரளி வந்து கதவைத் தட்டியபோது அவள் அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை மூலையில் நின்றிருந்தாள். லேப்டாப் துண்டில் சுற்றப்பட்டு, ஹாலின் அந்தக் கோடியில் தரையில் கிடந்தது. தரையிலிருந்து எதுவும் விழாது என்று அங்கே வைத்திருந்தாள்.

"இது வேண்டாங்க. மாத்திருங்க. இன்னிக்கே."

"என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணும் கேக்காதீங்க. உங்க பொண்ணு மேல சத்தியமா கேக்காதீங்க. இது வீட்ட விட்டுப் போகணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மொபைலை எடுத்து, லேப்டாப் விற்றவர்களுக்கு அடித்தான். புகார் எழுத போட்டோ கேட்டார்கள், அவளே எடுத்தாள். கீறல், கறை, மூலை, விளிம்பு எல்லாவற்றையும் கிட்டக் கிட்ட வைத்து எடுத்து அனுப்பினாள். குறை என்ன வகை என்று கேட்ட இடத்தில் முரளி 'மேல்தோற்றம் மட்டும்' என்று குறித்தான்.

பெட்டி பிரித்த எட்டாம் நாள் காலையில் ஆள் வந்தான். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலிலேயே நின்று, புதுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கையில் வாங்கினான். இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"ஸ்க்ராட்ச் கிதர் ஹை, மேடம்?"

அவள் தொடாமல் கைகாட்டினாள். அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டி, ஓடிபி வாங்கிக்கொண்டு, அதைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினான். லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் அடங்குகிற வரை சியாமளா கதவைச் சாத்தவில்லை. அப்புறம் அம்முவைத் தூக்கி, உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து, தேம்பித் தேம்பி அழுதாள். அன்றைக்கு அந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக, நடுவில் எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்காமல் தூங்கினாள்.

காலையில் முரளியே பெட்டியைப் பிரித்தான். கையை நீட்டிப் பிடித்துப் பத்து எண்ணினான்.

"பாஸ். துளி மாசு மருவில்ல. இப்பச் சந்தோசமா?"

"சந்தோசங்க," என்றாள். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அரே வா, எக்தம் புதுசா மின்னுதே! ஒரு கறுப்புப் பொட்டு வெச்சிடு, கண்ணு படும்," என்றாள். சியாமளா சிரித்துக்கொண்டே வேண்டாமென்றாள். பொட்டு, புள்ளி, கறை எதுவுமே இதன் மேல் வேண்டாம். பட்டதெல்லாம் போதும்.

பதினோரு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி அதே அரைக்கும் மழை. அம்மு தூங்கினாள். பக்கத்து பிளாக்கில் எங்கேயோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. சியாமளா லைட்டைப் போட்டாள். ட்யூப்லைட் வெளிச்சம் கீபோர்டின் மேல் சாய்வாக விழுந்தபோது, ஸ்பேஸ் பாரின் வலது ஓரம் மட்டும் மினுமினுப்பாக இருப்பதைப் பார்த்தாள்.

தேய்ந்திருந்தது. அவள் வலது கட்டைவிரலால்தான் அதைத் தட்டுவாள்.

குனிந்தாள். ஏ என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது. எஸ் முழுதாகவே இல்லை. மணிக்கட்டு படும் இடத்தில் மூன்று கீறல் இல்லை, முப்பது, முந்நூறு. வளையல் மாற்றி வளையல் உரசி, உரசி, உலோகமே வெளுத்திருந்தது. முரளி இதையா பாஸ் என்றான்? கையை வைத்தாள். அவள் கை அங்கே அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. வருடக்கணக்கான வேலை. அவள் வேலை.

முதலில் தோன்றியது நல்ல நினைப்புதான். பரவாயில்லை, ரொம்ப நாள் உழைக்கப் போகிறேன்.

அப்புறம்தான் தேடினாள்.

பவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. சரி. மூலைகள் நான்கும் கூராக இருந்தன. சரி, நல்லது. மூடியின் விளிம்பில் விரலை ஓட்டினாள். வழவழவென்று ஓடியது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி. திரும்பவும். ஒரு பள்ளமில்லை. மூடியைச் சாத்திப் பார்த்தாள். ஸ்டிக்கர் ஒட்டிக் கிழித்த பசை இல்லை. பேனாக் கிறுக்கல் இல்லை. திரையில் பிசுபிசுத்த குட்டிக் கைரேகை இல்லை. இத்தனை வருடம், குழந்தை இருக்கிற வீட்டில், மடியில் வைத்து வேலை செய்த லேப்டாப்பில், குழந்தை தொட்டதற்கு ஓர் அடையாளம் இல்லை.

துளைகளிலிருந்து வந்த காற்றை மோந்து பார்த்தாள். பால் வாடை இல்லை. பூட்டிப் போட்ட வீட்டின் வாடை.

மொபைலை எடுத்து, புகாருக்கு அனுப்பிய போட்டோவைத் திறந்தாள். மூலை. நசுங்கல். பெரிதாக்கினாள். நான்கு பள்ளங்களில் கடைசிப் பள்ளம் நசுங்கலின் ஓரத்தில் இல்லை, நசுங்கலின் மேல் இருந்தது. மடங்கிப்போன உலோகத்தை ஒரு பல் அழுத்தியிருந்தது. எந்தத் தடத்தின் மேல் எந்தத் தடம். முரளி சொன்னது இப்போது முழுதாகக் காதில் விழுந்தது.

விழுந்தது முதலில். கடித்தது பிறகு.

விழுந்திருக்கிறது. ஒரு முடிதான் போயிருக்கிறது. குழந்தை அழுதிருக்கும், ஓய்ந்திருக்கும், நான்கு பல்லும் முளைத்து, அதே மூலையை உட்கார்ந்து கடித்திருக்கிறது. அம்மு அதில் உயிரோடு இருந்தாள். ஒரு வயதுப் பெண்ணாக இருந்தாள். அந்த லேப்டாப்பைத்தான் சியாமளா தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தனுப்பினாள்.

"ஐயோ," என்றாள். "ஐயோ, ஐயோ."

மாற்றிக் கொடுத்தவர்களின் நம்பருக்கு அடித்தாள். ஒரு பெண் குரல் இந்தியில் நிதானமாகச் சொன்னது: திரும்பி வந்த பொருளைப் பிரித்துப் பாகம் பாகமாக்கிவிடுவார்கள், மேடம், அதையே கேட்டு யாரும் வாங்க முடியாது. முரளிக்கு அடித்தாள்.

"நம்ம பழசு வேணுங்க. அதேதான் வேணும்."

"என்ன சொல்ற? புதுசுலயும் குறையா?"

"குறையே இல்லீங்க!" கத்தினாள். "ஒண்ணுகூட இல்ல! இதுல அம்மு இல்லீங்க!"

"சியாமளா. இரு. நான் சொல்றதக் கேளு, அம்முவ வைஷாலி அக்காகிட்டக் குடு. நான் கிளம்பி வரேன். கேக்குதா?" லைனின் பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம். "குழந்தையக் குடுத்துட்டு உக்காரு."

போனை வைத்துவிட்டாள். யாரிடமும் எப்படிக் கொடுப்பாள்? ஒரு தடவை கொடுத்தது போதாதா?

தொட்டிலில் அம்மு விழித்துக்கொண்டு காலை உதைத்தாள். சியாமளா ஓடிப்போய்த் தூக்கினாள். சூடாக, கனமாக, உயிரோடு இருந்தாள். ஈறைத் தடவினாள். அந்த நொய் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆனால் இருந்தது. தோலுக்கு அடியில் கூராக இருந்தது. ஒரு தடம் போதும். ஒரே ஒரு தடம் இதில் பட்டுவிட்டால் போதும்.

தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்தாள். லேப்டாப்பை இழுத்தாள்.

"கடி கண்ணு."

அம்மு சிரித்தாள். விளிம்பை வாயில் வாங்கினாள். சப்பினாள். எச்சில் வழிந்தது. சியாமளா எடுத்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. எச்சில்கூட இல்லை.

"கடிம்மா. அம்மாவுக்காக. கடி."

அம்மு முகத்தைத் திருப்பினாள். சிணுங்கினாள். சியாமளா பின்தலையைப் பிடித்தாள். மெத்தென்று இருந்தது. அழுத்தினாள்.

அம்மு வீறிட்டாள்.

"இன்னும் கொஞ்சம். தங்கம் இல்ல? இன்னும் கொஞ்சம்."

சிவப்பாக ஒரு சொட்டு விளிம்பில் திரண்டது. மூடியின் மேல் ஓடியது. தரையில் விழுந்தது. அது ஓடின வழி காய்ந்து சுத்தமாக இருந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் ஓடியது. வாசல் பெல் அடித்தது. அக்காவின் குரல். "சியாமளா! முரளி போன் பண்ணான். கதவைத் திற!" கதவு அதிர்ந்தது.

இன்னும் அழுத்தினாள்.

விளிம்பு பளபளவென்று இருந்தது. அம்முவின் அழுகை நின்றிருந்தது.